மேச்சேரி வெயிலில் உருளைக்கிழங்கு விளையுமா? ராத்திரியைக் கேளுங்கள்!

ஓமலூரிலிருந்து மேட்டூர் போகும் வழியில் இருக்கிறது மேச்சேரி. பத்ரகாளியம்மன் கோயிலும், ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் மேச்சேரி ஆடும் இங்கே பிரபலம். பக்கத்திலேயே மேட்டூர் அணை இருந்தாலும், ஊரைச் சுற்றி மானாவாரிக் காடுகள் நிறைய. சோளம், நிலக்கடலை, இந்தப் பக்கத்தில் 'குச்சிக்கிழங்கு' என்று சொல்லும் மரவள்ளி எல்லாம் இந்த வெயிலுக்குப் பழகியவை.

சரி, சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடக்கும் உருளைக்கிழங்கை இங்கே மொட்டைமாடியில் நட்டால் விளையுமா? விளையும். ஆனால், நடும் மாதம் முக்கியம்!

உருளைக்கிழங்குக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் பெரிய எதிரி. இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கிழங்கு பிடிப்பது குறைந்துவிடும். செடி மட்டும் தளதளவென வளரும். சித்திரையில் நட்டுவிட்டு, பிடுங்கிப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006-ல் வெளியிட்ட 'குஃப்ரி சூர்யா' வெப்பம் தாங்கும் ரகம். அதற்கும்கூட ராத்திரி ஓரளவு குளிர வேண்டும்.

சேலம் பக்கத்தில் அந்தக் குளிர் கிடைப்பது மார்கழி, தை மாதங்களில்தான். அதனால் கார்த்திகையில் நட்டுவிடுங்கள்.

முளைவிட்ட சிறு கிழங்குகளை முழுதாகவே நடலாம். பழைய அரிசிச் சாக்கின் அடியில் ஓட்டை போட்டு, பாதி அளவுக்குச் செம்மண்ணும் நன்றாக மக்கிய ஆட்டு எருவும் கலந்து நிரப்புங்கள். ஆட்டுக்குப் பெயர்போன ஊரில் எருவுக்கா பஞ்சம்? ஒரு சாக்குக்கு இரண்டு கிழங்கு போதும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணையுங்கள். மேலே காய்ந்த சருகு பரப்பினால் மண் சூடாகாது. ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

மண் அணைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும். அதில் சொலனைன் என்ற நச்சு சேரும், வயிற்றைக் கெடுக்கும். பச்சையான கிழங்கைக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்காதீர்கள்.

சுமார் 90 நாளில் இலை மஞ்சளாகிச் சாயும். அப்போது சாக்கைக் கவிழ்த்துவிடலாம். மலைக்காட்டு விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வேளைப் பொரியலுக்குத் தேறினாலே லாபம். பத்ரகாளியம்மனுக்குத் திருவிழா நடக்கும் மாசியில், விருந்துக்கு வந்தவர்களுக்கு 'எங்க வீட்டு உருளைக்கிழங்கு' என்று பரிமாறலாமே!