சீரும் பங்கும்

மேனாட்டு நாகரிகமே நம் மாதரை வீட்டினின்று வெளியேற்றியது என்பார் உளர். கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்த யான் அதனை ஒப்புகிலேன். எழுத்தறியா எம் பாட்டிமார் நாற்று நட்டனர். மலையேறி ஏலக்காய் பறித்தனர். சீன தேசத்தும், பெண்களின் பாதங்களை இறுகக் கட்டி வளைத்த காலத்தே, ஹக்கா மாதர் கட்டாத கால்களோடு கழனியில் உழைத்தனர். உழைப்புப் புதிதன்று, கல்வியும் உரிமையுமே புதியன.

1971-ல் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி தோன்றியது. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் அதுவரை மணமாகாத மகளிர்க்கு மைந்தரோடு சமபங்கு அளித்தது. 2005-ல் மணமானவர்க்கும் அவ்வுரிமை வந்தது. ஆயினும், எந்தையார் மறைந்தபின், பட்டம் பெற்ற என் தமக்கையார், "பங்கு கேட்டாற் பிறந்தகத்து வாசல் அடைபடுமே" என்றஞ்சி, விடுதலைப் பத்திரத்திற் கையொப்பமிட்டார். எனக்கும் அப்பத்திரம் நீட்டப்பெற்றது. யான் பணிவுடன் மறுத்தேன். சில திங்கள் எங்களிடையே பேச்சில்லை. தைத் திங்களில் என் தமையனார் பொங்கற்சீராகக் கரும்பும் பச்சரிசியும் கொணர்ந்தார். என் பங்கு நிலத்திற்கு எல்லைக்கல் நடுவதைப் பற்றியும் பேசினார்.

சகோதரிகளே, சீர் பெறுவது மரபு. பங்கு பெறுவது உரிமை. ஒன்றன்பொருட்டு மற்றொன்றை விடவேண்டுவதில்லை.