லெட்ஜரில் ஏறாத மாடு

பி.காம். படித்தவனுக்கு ஊரில் இரண்டே வேலைதான். ஒன்று, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது. இன்னொன்று, சொந்தக்காரர்களின் வரவு செலவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது.

மன்னார்குடிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு பசு, ஒரு கன்றுக்குட்டி, ஐந்து ஆடு. சென்னையில் ஆபீஸ் போகும் அவர் மகன் மாசாமாசம் போனில் பாடும் பாட்டு ஒன்றுதான்: "தீவனம் விக்கிற விலைக்குப் பால் காசு கட்டுப்படி ஆகலப்பா. மாட்டை வித்துடுங்க." அப்பீல் என்னிடம் வந்தது.

பால் கணக்கைத் தனியாகப் பார்த்தால் தம்பி சொல்வது சரிதான் சார். ஆனால் மாட்டுக்கும் வயலுக்கும் இருப்பது ஜாயின்ட் அக்கவுன்ட்! 'நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு, அடி காட்டுக்கு' என்பார்கள். நெல் நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு, அடித்தாள் மண்ணுக்கு. வைக்கோலைத் தின்ற மாடு சும்மா நிற்கிறதா? நாளைக்குப் பத்து கிலோ சாணி என்று வைத்தாலும் வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல். எருக்குழியில் மக்கி, திரும்ப வயலுக்கே வருகிறது. பில் கிடையாது, ஜி.எஸ்.டி. கிடையாது.

'சாணிக்கெல்லாம் ஒரு விலையா?' என்று சிரிக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையை டெல்டாவுக்கு ஓட்டி வருவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, வயலில் கிடை போடச் சொல்வார்கள் விவசாயிகள். அதாவது, ஆட்டுப் புழுக்கையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்று பலன் கிடைக்கும் தேதிகூட பழமொழியில் இருக்கிறது.

சொந்த ஆடு சேவிங்ஸ் அக்கவுன்ட். சினை ஐந்தே மாசம்; பல சமயம் ரெட்டைக் குட்டி. எந்த பாங்க் தரும் இந்த வட்டி? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வயலும் போய், கூரையும் போனபோது, பெரியப்பா வீட்டில் அடுப்பு எரிந்தது தப்பிப் பிழைத்த இரண்டு கிடாயை விற்ற காசில்தான்.

அப்படியானால் லாபமா? அவசரப்படாதீர்கள். செலவுப் பக்கத்தில் ஒரு ஐட்டத்தை அப்பாவும் எழுதவில்லை, மகனும் எழுதவில்லை. பெரியம்மாவின் சம்பளம்! விடிகாலை அஞ்சு மணிக்குச் சாணி அள்ளி, பால் கறந்து, புல் அறுத்து வருவது அவர்தான். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நமக்காவது கேஷுவல் லீவு உண்டு. பெரியம்மா சொந்த மகன் வீட்டில்கூட இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. இப்போது முழங்கால் வலி வேறு.

தம்பிக்கு போன் போட்டேன். "மாடு இருக்கட்டும்டா. காலையில ரெண்டு மணி நேரத்துக்கு ஆள் போடலாம், சம்பளத்தை நீ அனுப்பு."

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "சரிண்ணே, அனுப்பறேன்" என்றான்.

ஒத்துக்கொள்ளாதது பெரியம்மா மட்டும்தான். "போடா! வேத்தாளு கை வெச்சா அது உதைக்கும்!"