டி மைனரில் ஒரு பொன்மலை

மெட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் வாத்தியம் வாசிக்க வருவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் பாட்டு எழுதி பீரோவுக்குள் வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டும்போது தத்தகாரம் போட்டு முனகிக்கொண்டே போகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாலிப வயதிலிருந்தே எனக்கு வரியும் மெட்டும் சேர்ந்தே வரும். ஆனால் ஆர்மோனியத்தில் ஸ்ருதி பிடிப்பதற்கு மேல் எந்த வாத்தியமும் தெரியாது.

அந்த நாட்களில் காலனியில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நல்ல வாசிப்புக்காரர்கள். ஆனால் மேடையில் ஜனங்கள் கேட்பது தெரிந்த சினிமாப் பாட்டைத்தான். யாரோ ஒருவன் எழுதிய புதுப் பாட்டுக்கு ஒத்திகை பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? ஸ்டூடியோவுக்குப் போனால் வாடகை, வாசிக்கிறவர்களுக்குக் கூலி என்று ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அதைவிடப் பெரிய தடை என் கூச்சம். மனைவியிடம்கூடப் பாடிக் காட்டியதில்லை. சாமான்யன் ஒருவன் தனக்கென்று பாட்டு வைத்திருப்பது ஏதோ தகாத ஆசை என்பதுபோல மனசு ஒடுங்கிக் கிடந்தது. இதை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

அந்தக் கூச்சத்தை உடைத்தது ஒரு மென்பொருள். பெயர் ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’. கனடாவின் விக்டோரியா நகரத்தில் பீட்டர் கேனன் என்கிற மருத்துவர் உருவாக்கி, 1990-ல் வெளியிட்டது. திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கட்டம் ஒரு தாள ஆவர்த்தனம். அதில் கார்டுகளின், அதாவது ஒன்றாக ஒலிக்கிற சுரக் கூட்டங்களின், பெயரை டைப் செய்ய வேண்டும். பிறகு வேகத்தையும் ‘ஸ்டைல்’ என்கிற வாசிப்பு முறையையும் தேர்ந்தெடுத்தால் டிரம்ஸ், பேஸ், பியானோ, கிதார் எல்லாம் சேர்ந்து நம் கார்டுகளுக்கு வாசிக்கும். ஆரம்பத்தில் இது முழுக்க மிடி ஒலிதான், பழைய கீபோர்டு மாதிரி இருக்கும். 2000-களின் பிற்பகுதியில் நிஜக் கலைஞர்களை ஸ்டூடியோவில் வாசிக்கவைத்துப் பதிவு செய்து, அந்த வாசிப்பையே நாம் கொடுக்கும் கார்டுக்கும் வேகத்துக்கும் பொருந்த வைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். கிதார் நரம்பில் விரல் உரசுகிற சத்தம்கூடக் கேட்கும். மகன் தன் பழைய கம்ப்யூட்டரில் இதைப் போட்டுக்கொடுத்தபோது, வாத்தியக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று அப்போது தெரியாது.

முதல் கேள்வி, ஸ்ருதி. நாம் கட்டைக் கணக்கில் பேசுகிறவர்கள். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ள நேரமாகவில்லை. அடுத்த கேள்வியில்தான் தவித்துப்போனேன்: இந்த ஆவர்த்தனத்துக்கு என்ன கார்ட்?

என் அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து சைக்கிள்கள் ஆறு மாதிரி வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் அப்பாவைத் தேடும் பையனைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தேன். மெட்டு கீரவாணி, இரண்டு கட்டை. மேற்கத்தியக் கணக்கில் டி ஹார்மோனிக் மைனர். பல்லவியின் முதல் வரி பஞ்சமத்தில் போய் நிற்கிறது. அந்தப் பஞ்சமத்துக்கு அடியில் டி மைனரை வைத்துக் கேட்டேன். பையன் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது போல நிம்மதியாக நின்றது. அதே இடத்தில் ஏ மேஜரை வைத்தேன். பாடுகிற சுரம் மாறவில்லை, ஆனால் வரி முடியாமல் தொங்கியது. பையன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். வருடக்கணக்காக முனகிய மெட்டு அது. அதற்குள் இப்படி இரண்டு பாட்டு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எது என் பாட்டு என்று நான்தான் சொல்லியாக வேண்டும். முதல் தடவை ஏ மேஜர், பல்லவி திரும்பி வரும்போது டி மைனர் என்று முடிவு செய்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மென்பொருளுக்கு ராகம் தெரியாது, நாம் டைப் செய்வதை அப்படியே வாசிக்கும். ஒரு கட்டை ஸ்ருதியில் வைத்துச் சொல்கிறேன். மோகனத்தில் பெரிய தொல்லை இல்லை; சி மேஜரும் ஏ மைனரும் போதும், இரண்டிலும் இருக்கிற சுரங்கள் எல்லாம் மோகனத்துக்குள்ளேயே வருகின்றன. கல்யாணிக்கு வந்தால் சிக்கல். பழக்கத்தில் எஃப் மேஜரை வைத்தால் சுத்த மத்யமம் வந்து ராகத்தையே கெடுக்கும். டி மேஜரை வைத்தால்தான் பிரதி மத்யமம் கிடைக்கும். அதை வைத்த பிறகும் பேஸ் கிதார் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகிற வழியில் சுத்த மத்யமத்தைத் தொட்டுவிட்டுப் போகலாம். அதனால் நடை குறைந்த ஸ்டைலாகப் பார்த்து எடுக்க வேண்டும், அல்லது பேஸை மௌனமாக்க வேண்டும். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான், எது என் ராகத்தில் இருக்கிறது, எது இல்லை என்று காது தெளிந்தது.

ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. கார்டின் பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்தால் வாத்தியங்கள் அந்தக் கார்டைப் பிடித்தபடியே நிற்கும். விருத்தம் போலத் தொடங்குகிற பாட்டுக்கு இது அருமை. நான்கு கட்டத்துக்கு அப்படி நிறுத்தி, வேகத்தையும் குறைத்துவைத்தால், தாளத்தை நினைக்காமல் இரண்டு வரி பாடிவிட்டு அப்புறம் நடைக்குள் போகலாம். விருத்தம் பாடிப் பழகாத யாரோ செய்த வசதி நமக்கு இப்படிப் பயன்படுகிறது.

தாளம் வேறு கதை. அதில் இருக்கிற ஸ்டைல்களில் பெரும்பாலானவை ஜாஸ், ராக், நாஷ்வில் பக்கத்து கன்ட்ரி. நம் நாட்டுப்புற மெட்டின் ஆறு எண்ணிக்கை நடைக்குப் பக்கத்தில் வருகிறவை உண்டு, ஆனால் அடி நம் அடி இல்லை. டிரம்ஸை அணைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் டோலக் வாசிக்கிற தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிதாரையும் பேஸையும் கேட்டபடி வாசித்தார். வாத்தியக்காரர் வேண்டாம் என்பதற்காக வாங்கியது, கடைசியில் ஒரு வாத்தியக்காரரை என் வாசலுக்குக் கொண்டுவந்தது. பெடல் ஸ்டீல் கிதாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் வாத்தியம், நமக்குச் சம்பந்தமே இல்லை என்று ஒதுக்கியிருந்தேன். ஆனால் பியானோ சுரம் சுரமாகத் தாவுகிறது, ஸ்டீல் கிதார் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிறது. கீரவாணியின் அசைவுகளுக்குப் பின்னால் பியானோவைவிட அதுதான் பாந்தமாக உட்கார்ந்தது. வாத்தியத்துக்கு ஊர் பார்ப்பதை அன்றோடு விட்டேன்.

வீட்டில் குரல் பதிவு செய்ய, நம் ஊர் வெயிலில், ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். புடவைகள் தொங்குகிற பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி பாடினால் அறையின் எதிரொலி நன்றாகக் குறைகிறது. ஹெட்போன் இல்லாமல் பாடினால் ஸ்பீக்கரில் வருகிற இசையும் மைக்குக்குள் புகுந்துவிடும், பிறகு பிரிப்பது கஷ்டம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி கோப்பாக எடுத்து, இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டியில் குரலோடு அடுக்கிக் கலக்கலாம். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

என் மனைவி முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்டது அப்படி ஒரு மதியம்தான். புடவைக்கு முன்னால் நின்று என்ன செய்கிறேன் என்று பார்க்க வந்தவள், கடைசி வரை கேட்டுவிட்டு, “ஏங்க, இது மாமாவப் பத்தியா?” என்றாள். அவளுக்கு ஐந்தரை கட்டைக் குரல். மென்பொருளில் ஸ்ருதியை மாற்றுவது ஒரே சொடுக்கு. வாத்தியங்கள் எல்லாம் அந்த ஸ்ருதிக்கு நகர்ந்துவிடும். அவளே பாடினாள். இப்போது அந்தப் பாட்டு அவள் குரலில்தான் இருக்கிறது.

பாட்டை வெளியே அனுப்பியது அதற்குப் பிறகுதான். என்னைப் போலவே வீட்டில் பாட்டுக் கட்டுகிறவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறோம். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு டீச்சர், கரூரில் துணிக்கடை வைத்திருக்கிற ஒருவர், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர். பாட்டை மட்டும் அனுப்புவதில்லை, கார்டுகள் அடங்கிய கோப்பையும் சேர்த்து அனுப்புகிறோம். அதனால் மற்றவர் தன் ஸ்ருதிக்கு மாற்றிப் பாடிப் பார்க்கலாம். பாடிப் பார்த்தால்தான் பாட்டின் கோணல் தெரியும். யாழ்ப்பாணத்துத் தம்பி என் பாட்டைப் பாடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, சரணத்தில ரெண்டாவது வரியில மூச்சு எடுக்க இடமில்லாமல் கிடக்கு. மற்றது, அந்தப் ‘பொன்மாலை’ எண்டு வாற இடம் நல்ல வடிவு.”

பாட்டில் பொன்மாலை என்று எங்குமே இல்லை. பொன்மலை என்றுதான் எழுதியிருந்தேன். மெட்டில் மகரத்தின் மேல் நீண்ட சுரம் விழுந்ததால் குறில் நெடிலாகிவிட்டது. எங்கள் ஊர் தெரிந்தவர்கள் தாமாகவே சரியாகக் கேட்டுக்கொண்டார்கள். ஊர் தெரியாத காதுக்கு அது பொன் நிறச் சாயங்காலம். எவ்வளவு அழகான தவறு என்றாலும், அப்பா வேலை பார்த்த ஊரின் பெயர் அந்தப் பாட்டில் கேட்டாக வேண்டும். நீட்டலை ‘லை’க்கு நகர்த்தினேன். அப்போது கார்ட் மாறுகிற இடமும் அரை ஆவர்த்தனம் தள்ளிப்போனது. பாட்டு இன்னும் நன்றாகவே ஆனது.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். தன் பாட்டைப் போடுவதற்கு முன் மற்றவர் கடைசியாகப் போட்டதை இரண்டு தடவை கேட்டிருக்க வேண்டும். ‘சூப்பர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கக் கூடாது. எந்த வரி மனசில் நின்றது, எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்தச் சொல் காதில் விழவில்லை என்று எழுத வேண்டும். பாராட்டுக்கு ஏங்குகிற மனசுக்கு முதலில் இது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் டீச்சரின் பாட்டில் வாத்தியம் வரியை மூடுகிற இடத்தை அவருக்குச் சுட்டிக்காட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான், என் பாட்டிலும் அதே குறையைக் கேட்க என்னால் முடிந்தது. அன்றிலிருந்து குரல் வருகிற இடங்களில் இரண்டு வாத்தியத்துக்கு மேல் வைப்பதில்லை. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து வாசிப்பது இடையிசையில் மட்டும்.

வெளியூர் வாத்தியமும் வீட்டுப் பதிவும் நமக்குப் புதிது அல்ல. முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்ட் இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான் ‘ரோஜா’ வந்தது. மேதைகளோடு எங்களை வைத்துப் பேசவில்லை. வெளியூர் வாத்தியத்தை வாங்கி நம் பாட்டுக்கு உட்காரவைப்பதும், வீட்டுக்குள் பாட்டுச் செய்வதும் இந்த மண்ணில் கௌரவமான காரியங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது இரண்டு வாக்கியம் எழுதிக்கொடுத்தால் வரி, மெட்டு, குரல் எல்லாவற்றோடும் முழுப் பாட்டே செய்துதருகிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கரூர் நண்பர் ஒன்று செய்து அனுப்பினார், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏ மேஜரா, டி மைனரா என்று அந்தப் பாட்டுக்காக யாரும் தவிக்கவில்லை. அந்தத் தவிப்பில்தான் நான் என் அப்பாவைத் திரும்பப் பார்த்தேன். அதை எந்த இயந்திரத்திடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாட்டைப் பகிர்கிறவர்கள் ஒன்றைக் கவனித்துச் செய்ய வேண்டும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் வரியையும் மெட்டையும் தனித்தனிப் படைப்புகளாகப் பார்க்கிறது. வரி ஒருவர், மெட்டு ஒருவர் என்றால் இரண்டு பெயரையும் எழுதி, தேதியும் போட்டு அனுப்புங்கள். டோலக் வாசித்த தம்பியின் பெயரையும் விடாதீர்கள்.

நோட்டுப் புத்தகத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாப் பாட்டையும் எடுக்க வேண்டாம், ஒன்றை மட்டும் எடுங்கள். கார்ட் தெரியாவிட்டால், தெரிந்த பையனோ பெண்ணோ பக்கத்தில் நிச்சயம் இருப்பார்கள், கேளுங்கள். வாத்தியம் குறைவாக வைத்து, உங்கள் குரலிலேயே பாடி முடித்து, கவனமாகக் கேட்கக்கூடிய ஒருவருக்கு அனுப்புங்கள். அவரிடமும் ஒரு பாட்டு இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.