கற்றுக்கொண்ட சந்தோஷம்

சபைக் கூட்டங்களில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறவர்களில், கர்த்தரை ஏற்றுக்கொண்ட நாள்முதல் தமக்குத் துக்கமே இல்லை என்று முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கும். கடன்காரரும் காய்ச்சலும் விசுவாசியின் வீட்டு வாசலையும் நன்றாக அறிந்தவர்கள் என்பதை நெடுங்காலமாகப் பார்த்து வந்திருக்கிற எனக்கு, அத்தகைய சாட்சிகளைக் காட்டிலும், பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய நிருபமே ஆறுதலாக இருக்கிறது.

நான்கே அதிகாரங்களும் 104 வசனங்களும் கொண்ட சிறிய நிருபம் அது. எழுதப்பட்ட இடம் ரோமாபுரி என்பது பழைய மரபு. எபேசு என்று வாதிக்கும் பண்டிதர்களும் உண்டு. எந்த ஊரானாலும் எழுதியவர் விலங்கு பூண்ட கைதி என்பதில் ஐயமில்லை. அக்காலத்துச் சிறையில் கைதிக்கு வேண்டியவற்றைப் பெரும்பாலும் வெளியிலுள்ள உறவினரும் சிநேகிதருமே கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பிலிப்பியர் தங்களால் இயன்றதைத் திரட்டி எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்ப, உதவி செய்ய வந்த அந்த மனிதரே நோயில் விழுந்து சாகக்கிடந்து பிழைத்தார். அவரை இழந்திருந்தால் தாம் பட்டிருக்கக்கூடிய வேதனையைப் பவுல் கொஞ்சமும் மறைக்கவில்லை. தமக்கு வரப்போவது விடுதலையோ மரணமோ என்பதும் அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்மணிகளுக்குள் மனத்தாங்கல். அதையும் அங்கிருந்தபடியே தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. (சபைத் தேர்தல் சமயத்தில் நம்மூர்க் கோயில் வளாகத்தில் ஒரு மாலைப்பொழுது நின்றவர்களுக்கு இந்தப் பகுதிக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.) இத்தனை வியாகுலங்களுக்கும் நடுவிலிருந்துதான் சந்தோஷமாயிருங்கள் என்ற புத்திமதி திரும்பத் திரும்ப எழுகிறது.

அந்த நிருபத்தில் என் மனம் எப்போதும் போய்த் தங்குமிடம் நான்காம் அதிகாரம். குறைவு வந்தாலும் நிறைவு வந்தாலும் மனம் கலங்காதிருக்கும் நிலையைத் தாம் பயின்று அடைந்ததாகப் பவுல் அங்கே சொல்லுகிறார். சந்தோஷம் சிலருக்குப் பிறவிச் சுபாவம், சிலருக்குத் திடீரென்று பொழியும் வரம் என்று நாம் பேசிக்கொண்டிருக்க, அப்போஸ்தலரோ அதைப் பயிற்சியின் பலனாகக் காட்டுகிறார். பயிற்சி நடந்த இடங்களுள் ஒன்று அந்தப் பிலிப்பியேதான். முன்னொரு சமயம் அவ்வூர் அதிகாரிகள் அவரையும் சீலாவையும் அடிப்பித்து, உட்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைத்த இரவில், நடுச்சாமத்தில் அவர்கள் துதிப்பாட்டுப் பாட, மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் அன்றிரவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆகவே, வெறும் உபதேசத்தை எழுதியனுப்பி மெப்பு வாங்கக்கூடிய சபையன்று அது.

சந்தோஷத்தைக் குறித்துக் கிறிஸ்தவ உலகில் ஆழ்ந்து எழுதியவர்கள் பலருக்குச் சிறையோடு ஏதோ சம்பந்தம் இருந்துவிடுகிறது. கவிஞர் கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்துக்கு மூலநூல் தந்த ஜான் பனியனும் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவரே.

சிறை காணாத சாமானியர்கள் இந்தப் பாடத்தை எங்கே படிக்கிறார்கள்? திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் துக்க வீட்டில் படிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். என் பெரியப்பா காலமான இரவு, கோயிலிலிருந்து பெஞ்சுகள் வந்து முற்றத்தில் இறங்கின. பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் பிரிக்குமுன்னே பெண்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஜெபக் கூட்டங்களிலும் நாற்று நடும்போதும் பாடிப் பாடி மனப்பாடமான கீர்த்தனைகள். அவற்றுள் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை. கருப்பட்டிக் காப்பி இரண்டாம் முறை சுற்றிவந்த வேளையில், அதுவரை தலையிலடித்துக்கொண்டு அழுத பெரியம்மா, ஒரு கீர்த்தனையின் சரணத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். அழுகை நின்றபாடில்லை, கண்ணீர் ஒழுக ஒழுகவே பாடினாள், சுருதியும் பிசகவில்லை.

பல மாதங்கள் கழித்து, அன்று எப்படிப் பாட முடிந்தது என்று கேட்டேன். “பாடாம என்னய்யா செய்ய? சின்னப் பிள்ளையில இருந்து படிச்ச பாட்டு, அதுபாட்டுக்கு வாயில வந்திட்டு” என்றாள். எழுத்தறியாத பெரியம்மாவின் அந்தப் பதிலும் நான்காம் அதிகாரமும் எனக்கு ஒன்றையே சொல்லின: நல்ல காலத்தில் பலரோடு கூடிப் பாடிப் பழகிய நாவுக்கே கெட்ட காலத்தில் பாட்டு வருகிறது. தனியே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆனந்தத்தைத் தேடுகிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் நான் கண்ட நிலைத்த சந்தோஷமெல்லாம் கூட்டத்தில் விளைந்தது.

அந்த வருஷத்து அசனப் பண்டிகைக்குப் பெரியம்மா வெள்ளைப் புடவையில் வந்திருந்தாள். பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள், காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியதும் வாளியை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கி முன்னே வந்தாள். சந்தையில் சில அணாவுக்கு மேல் போகாத ஒரு பூசணிக்காயை, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரோடு விடாமல் போட்டியிட்டு ஐந்து ரூபாய்க்கு எடுத்தாள். பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, காயை ஏலக்காரரிடமே நீட்டி, “இன்னொரு மட்டம் விடும்யா” என்றாள்.