புறப்பாடும் சுமைதாங்கியும்

விமான நிலைய அறிவிப்புப் பலகையில் 'புறப்பாடு' என்னும் சொல்லைக் காணும் தமிழர்க்கு அது புதிய சொல்லன்று. வானூர்திகள் பறப்பதற்கு நெடுங்காலம் முன்பே கோயில்களில் சுவாமி புறப்பாடு நிகழ்ந்து வந்தது. அப்படிப் புறப்பட்ட தெய்வம் வழியில் மண்டகப்படி மண்டபங்களில் தங்கிச் செல்லும். தெய்வமே ஆயினும் புறப்பட்டவர்க்கு இடையில் இளைப்பாற ஓரிடம் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்பொருள். இந்தியாவின் புதிய விமான நிலையங்கள் புறப்பாட்டை எடுத்துக்கொண்டு மண்டகப்படியை விட்டுவிட்டனவோ என்னும் ஐயம், அவற்றின் காத்திருப்புக் கூடங்களில் இரண்டு மணி நேரம் இருந்தவர்க்கு எழாமல் போகாது.

அலங்காரத்தில் குறையில்லை. 2010இல் திறக்கப்பட்ட தில்லி மூன்றாம் முனையத்தின் குடிவரவுக் கூடத்தில் பெரிய கைமுத்திரைகள் சுவரிலிருந்து நீண்டு நிற்கின்றன. 2014இல் திறக்கப்பட்ட மும்பை இரண்டாம் முனையத்தில் ராஜீவ் சேத்தி தொகுத்த 'ஜய ஹே' கலைச்சுவரில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கலைப்பொருள்கள் உள்ளன. கூரையிலும் தூண்களிலும் மயில்தோகையின் சாயல். 2023 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னைப் புதிய முனையத்தில் கோலமும் சேலையும் கோயிலும் வடிவங்களாகியுள்ளன. அரசு அலுவலகத்தின் பின்கட்டுப் போலிருந்த பழைய முனையங்களை நினைவில் வைத்திருப்போர் இவற்றை எளிதில் இகழமாட்டார்கள். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. தில்லியின் முத்திரைகள் வந்திறங்குவோரை வரவேற்பவை. வருகிறவர் சில நிமிடங்களில் அவற்றைக் கடந்துவிடுகிறார். மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவர் புறப்படுகிறவர்தாம்.

அவர் எதன்மேல் அமர்ந்திருக்கிறார்? பெரும்பாலும் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்திய நாற்காலியின்மேல். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி. அது பக்கத்திலிருப்பவரிடமிருந்து பிரிக்கிறது, படுக்கவும் விடுவதில்லை. எல்லா முகங்களும் ஒரே திசையை நோக்குகின்றன. ஆனால் நம் குடும்பங்கள் வட்டமாக அமர்ந்து உண்பவை. புளியோதரைப் பொட்டலமோ தேப்லா டப்பாவோ நடுவில் இல்லாமல் அவர்களுக்குப் பயணம் தொடங்குவதில்லை. எனவே கடைசியில் தூண் ஓரத்தில் ஒரு துணியை விரித்துத் தரையில் அமர்கிறார்கள். வாழ்நாளெல்லாம் காலை மடக்கியே அமர்ந்த பாட்டி, தொங்கவிட்ட பாதம் வீங்கத் தொடங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியிலேயே சம்மணமிட முயன்று, கைப்பிடி முழங்காலில் இடிக்கத் தரைக்கு இறங்குகிறார். அவரைப் பார்த்து முகம் சுளிப்பவரின் தலைக்கு மேல், பெண்கள் தரையில் அமர்ந்து கோலமிடும் ஓவியம் இருக்கவும் கூடும். ஓவியத்தில் மதிக்கப்படும் இருப்பு, உயிரோடு எதிரே வந்தால் நாகரிகக் குறைவாகிவிடுகிறது.

தமிழில் திண்ணை, கன்னடத்தில் ஜகலி, குஜராத்தியில் ஓட்லா, இந்தியில் சபூத்ரா. கேரளத்து வீட்டு முகப்பிலோ சாய்ந்து அமர வாகாகச் சரிவான முதுகுப்பலகை கொண்ட சாருபடி. இத்தனை மொழிகளில் தனித்தனிப் பெயர் பெற்றிருப்பதே அந்தப் பொருளின் பயன்பாட்டுக்குச் சான்று. இவற்றில் ஒருவர் அமரலாம், காலை மடக்கலாம், மூவர் எதிரெதிராகப் பேசலாம், களைத்தவர் படுக்கலாம். ஒன்றரை அடி உயரத்தில் ஓர் அகலமான மேடை எந்தப் பொறியாளருக்கும் புதிரன்று. அதைச் சில வாயில்களின் அருகிலேனும் அமைத்தால் மயில்தோகை செய்யாத வேலையை அது செய்யும்.

பெங்களூரின் இரண்டாம் முனையம், 2022 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது, இவ்வகையில் மற்றவற்றைவிடச் சற்று முன்னே நிற்கிறது. மூங்கில் பின்னலான கூரை வெயிலை வடிகட்டி இறக்குகிறது. தோட்டமும் நீர்நிலையும் பிரம்பு வேலைப்பாடும் கண்ணைத் தாண்டி உடலையும் எட்டுகின்றன.

பண்பாடு என்றதும் சிற்பத்தையும் நடனத்தையும் நாடும் வடிவமைப்பாளர்கள், வழிப்போக்கர்க்கென்றே முன்னோர் உருவாக்கியவற்றை ஏன் நாடுவதில்லை? சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், குஜராத்தின் படிக்கிணறுகள் எல்லாம் பயணியின் தாகமும் களைப்பும் அறிந்து கட்டப்பட்டவை. அவற்றுள் மிக எளியது சுமைதாங்கி. இரண்டு நடுகற்கள், அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல், அவ்வளவே. தலைச்சுமையோடு வருபவர் யார் உதவியுமின்றி இறக்கி, ஆறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளும் உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமும் இருந்தது. மலையாளத்தில் அதற்கு அத்தாணி என்று பெயர். கொச்சி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சாலைச் சந்திப்பின் பெயரும் அத்தாணிதான். இன்றைய பயணியோ கழிவறைக்குள் கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறார். பாதுகாப்புச் சோதனை முடிந்து பெல்ட்டையும் காலணியையும் மாட்டிக்கொள்ள ஒரு பலகை கிடைத்தால் அதுவே பெரும்பேறு.

இடப் பற்றாக்குறைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய வான்போக்குவரத்துக் கொள்கைப்படி, கடை முதலியவற்றால் வரும் வருவாயில் 30 விழுக்காடு மட்டுமே பயணிகள் மீதான கட்டணத்தைக் குறைக்கக் கணக்கில் கொள்ளப்படும். எஞ்சியது நிலையத்தை நடத்துவோருக்கு. எனவே சோதனை முடிந்தவுடன் எதிர்ப்படுவது இருக்கையன்று, வாசனைத் திரவியக் கடை. சாய்ந்து இருக்க விரும்புவோருக்கு 'லவுஞ்ச்' இருக்கிறது, உரிய வங்கி அட்டை இருந்தால். இந்நிலையில் 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் அடுத்து சென்னையிலும் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் 'உடான் யாத்ரி கஃபே' திறக்கப்பட்டது தண்ணீர்ப்பந்தல் மரபுக்கு நெருங்கிய செயல். அதில் ஓவியம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மொழியும் வசதியே. ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்துத் திரைகளை நம்பும் 'மௌன நிலைய' முறை பல நகரங்களில் வந்துவிட்டது. இரைச்சல் குறைந்தது உண்மை, குழந்தைகள் உறங்குகின்றன. ஆனால் வாயில் மாறிய செய்தி, திரையை நோக்கவும் படிக்கவும் பழகியவர்க்கு மட்டுமே எட்டுகிறது. வளைகுடாவுக்கு முதன்முறையாக வேலைக்குப் போகிறவர், மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட எழுத்தறியாத தாய், இவர்கள் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் சீட்டை நீட்டிக் கேட்டுக்கொண்டே நடக்கிறார்கள். லக்னோவில் போஜ்புரியும் கொச்சியில் மலையாளமும் சென்னையில் தமிழும் தெலுங்கும் அறிந்த ஒருவர், உரக்கக் கத்தாமல், வாயிலருகே நடந்தபடி விமானத்தின் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். ஒரு கலைச்சுவரின் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஒருவருடைய ஊதியம் மிகச் சிறிது.