இடையில் ஒரு படி

திருவிடந்தையில் வந்து குடியேறிய பிறகு, பத்தாம் வகுப்புக் கணக்கு நாற்பதாண்டு இடைவெளியைத் தாண்டி மறுபடியும் என்னிடம் வந்து சேர்ந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கணக்குத் தெரிந்தவன் என்று தெருவில் ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. வட்டிக் கணக்கும் வடிவியலும் ஒன்றல்ல என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஐந்தாறு பேரானார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் பொங்கல் கழிந்ததிலிருந்து பொதுத்தேர்வு வரை மாலை நேரம் என்னுடையதாக இருப்பதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் உள்ளது இவ்வூர். நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் அறியப்படுவது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. திருமணம் கூடாதவர்கள் மாலையோடு வந்து ஒன்பது முறை வலம் வருவார்கள். காலவ முனிவரின் 360 பெண்களை நாளொன்றுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்துகொண்டார் என்பது தலபுராணம். இந்தக் கதை தெரியாத பிள்ளை இங்கே கிடையாது. ஆனால் 360 என்ற எண் இருபத்து நான்கு வகுத்திகள் கொண்டது என்பதும், அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இரண்டு, மூன்று, ஐந்து மட்டுமே வரும் என்பதும் பாடநூலில் உள்ள இன்னொரு கதை. இரண்டும் ஒரே எண்ணைப் பற்றியவை என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இது எத்தினி மார்க்?"

தொடக்கத்தில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டியது. பிறகு வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது, அது நியாயமான கேள்வி என்று பட்டது. 2019-20 முதல் வந்த வடிவத்தில் மொத்தம் 100 மதிப்பெண். பதினான்கு ஒரு மதிப்பெண் வினாக்கள்; இரண்டு மதிப்பெண்ணில் பத்து; ஐந்து மதிப்பெண்ணில் பத்து; கடைசியில் செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. தேர்ச்சிக்கு 35 வேண்டும். கணக்கென்றாலே கை நடுங்கும் பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பதினாறுதான் கரையேறும் கட்டுமரம். ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கத் தெரிந்தால், தொடுகோடு வரையலாம். ஒத்த முக்கோணம் வரையலாம். பரவளையத்தின் புள்ளிகளைக் குறித்து இணைக்கலாம். அதோடு தேல்ஸ் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் இரண்டையும் நிரூபணத்தோடு நெட்டுருச் செய்துகொண்டால் இன்னும் கொஞ்சம் தைரியம் வரும். பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு இந்த வழியில்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடற்கரைக் குடும்பங்களில் பத்தாவது தேறாத பையன் அடுத்த மாதமே படகிலோ, சாலையோர விடுதி ஒன்றிலோ வேலைக்கு நிற்பான். பெண்பிள்ளைக்கு வேறு ஏற்பாடு தொடங்கிவிடும்.

ஆகவே தேர்வுக்கு உதவுவது சிறுமையான காரியமன்று. ஆனால் எப்படி உதவுவது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கைடு புத்தகம் நினைவுக்கு வருகிறது. உலகிலேயே புகழ்பெற்ற கணக்குக் கைடு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் இலண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் போகும் மாணவர்களைத் தயார்செய்வது அவர் தொழில். தம் வகுப்புக் குறிப்புகளைத் திரட்டி 1880, 1886 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்திய நூல் அது. நிரூபணங்கள் மிகச் சுருக்கம். பல இடங்களில் 'இன்ன எண்ணைப் பார்க்க' என்பதோடு சரி. தேர்வுக்கு முதல்நாள் புரட்டிப் பார்த்துக்கொள்வதற்கான புத்தகம். அதன் பிரதி ஒன்று 1903 வாக்கில் கும்பகோணத்தில் இராமானுஜனின் கைக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே, வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் மூலம் லோனியின் முக்கோணவியல் நூலைப் பெற்று முடித்திருந்த பையன் அவர். காரின் புத்தகத்தில் விடை இருந்தது, வழி இல்லை. அந்த வழியை ஒவ்வொன்றாகத் தாமே கண்டுபிடிக்கத் தொடங்கினார். பிற்பாடு அவருடைய நோட்டுப் புத்தகங்கள் நிரூபணமின்றி முடிவுகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போவதற்கும் இந்தப் புத்தகத்தின் பழக்கம் ஒரு காரணம் என்பார்கள்.

மதிப்பெண் வாங்குவதற்காக எழுதப்பட்ட சுருக்கம், கடல்கடந்து வந்து ஒருவருக்குக் கணிதத்தின் வாசலாயிற்று. நல்ல கைடு என்பதனால் நடந்ததன்று இது. அதில் விடுபட்டிருந்த படிகளால் நடந்தது.

இதை நினைத்துக்கொண்டு ஒரு மாலை பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போட்டேன். கல்யாணத்தின் முதல் நாள் ஒரு மாலை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று 360 நாளும் சாத்தினால் மொத்தம் எத்தனை மாலை? விடையையும் நானே சொல்லிவிட்டேன்: 64,980. எப்படி வந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். இரண்டு பையன்கள் உடனே சூத்திரத்தை எழுதினார்கள். எண்ணையும் அதற்கடுத்த எண்ணையும் பெருக்கி இரண்டால் வகு, முடிந்தது. சூத்திரம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கைடுல அப்படித்தான் சார் இருக்குது" என்றான் ஒருவன்.

முந்தைய மார்ச்சில் கணக்கில் மட்டும் தவறியிருந்த பெண் ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். துணைத் தேர்விலும் நான்கு மதிப்பெண்ணில் கைவிட்டுப் போயிருந்தது. அவளுக்குச் சூத்திரம் நினைவில் நிற்காது. தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தவள் நெடுநேரம் கழித்து நிமிர்ந்தாள். முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்தால் 361 மாலை. இரண்டாம் நாளையும் கடைசிக்கு முந்தைய நாளையும் சேர்த்தாலும் 361. இப்படி 180 ஜோடி என்றாள். கல்யாணக் கணக்கு என்பதால் ஜோடி சேர்த்துப் பார்க்கத் தோன்றியதோ என்னவோ. சிறுவனாக இருந்தபோது காஸ் இதே வழியில் கூட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதை அவளிடம் சொல்வதற்குள் அவள் கேட்டாள்:

"ஃபார்முலா எழுதலைன்னா மார்க்கு குடுப்பாங்களா சார்?"

சரியான வழியில் போட்டால் கொடுக்க வேண்டும் என்றேன். ஆனால் அவள் கேள்வியில் இருந்த பயம் உண்மையானது. விடைத்தாள் திருத்துவதில் படிக்கு மதிப்பெண் என்று ஓர் ஏற்பாடு உண்டு. சூத்திரத்தை எழுதிவிட்டுக் கணக்கைத் தவறாகப் போட்டவனுக்குக்கூட ஏதேனும் கிடைக்கும். சூத்திரம் மறந்தவள் ஒன்றும் எழுதாமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் இரண்டு முறையும் அதைத்தான் செய்திருந்தாள்.

இராமானுஜனின் கதையை ஊக்கமூட்டும் கதையாகச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்விலும் தவறினார், மறுமுறையும் தவறினார். வழி விடுபட்ட புத்தகம் அவருக்குக் கணிதத்தைக் கொடுத்தது, தேர்ச்சியைக் கொடுக்கவில்லை. ஹார்டிக்குக் கடிதம் எழுதிய 1913 வரை அவர் பட்ட பாடு நாடறிந்தது. அதற்கிடையில் சில காலம் அவரே டியூஷன் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி.ஏ. தேர்வுக்காகக் கால்குலஸ் கற்க வந்த ஒருவர் சில நாட்களிலேயே நின்றுவிட்டார். இராமானுஜன் முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். தேர்வுக்கு இது உதவாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இராமானுஜனை அறிந்தவர்களின் நினைவுகளையும் கடிதங்களையும் தேடித் திரட்டி நூலாக்கியவர், சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன். 1968-இல் அந்தப் பள்ளியே நூலை வெளியிட்டது. ஒரு பள்ளிக்கூடம் செய்த வேலை இது என்பதை நினைக்க இன்றும் வியப்பாக இருக்கிறது.

நின்றுபோன அந்த மாணவரை நான் குறைவாக நினைக்க மாட்டேன். அவருக்குத் தேர்வு இருந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் இருந்தது. அவள் தந்தை இன்னும் ஒரு முறை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு முறைக்கு மேல் பேச்சில்லை.

எனவே ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதல் ஆறு வாரம் 35 மதிப்பெண்ணுக்கு. காம்பஸ், வரைபடம், இரண்டு தேற்றம், புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்கள். இதில் எந்த மறைப்பும் இல்லை. எல்லாப் படியையும் சொல்லிக் கொடுத்துப் பத்து முறை எழுத வைப்பேன். பயம் தெளிந்த பிறகு, நாளுக்கு ஒரே ஒரு கணக்கில் இடையில் ஒரு படியை விட்டுவிடுவேன். முதல் வரியும் மூன்றாம் வரியும் பலகையில் இருக்கும். இரண்டாம் வரி அவர்களுடையது. காருடைய புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஆறாயிரம் படிகளை விட்டுவைக்கும் துணிவு எனக்கில்லை; அதைத் தாங்கும் பிள்ளை யாரென்றும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அந்தப் பெண் மூன்றாம் முறை 47 வாங்கினாள். மேல்நிலை வகுப்பில் கணக்கு இல்லாத வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். பெரிய வெற்றி என்று யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. ஆனால் அடுத்த தைமாதம் அவளாகவே வந்து, புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தொடுகோடு வரையக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினாள். எங்கே கை நடுங்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. திண்ணைப் பள்ளிகளில் இவளைப் போன்றவரைச் சட்டாம்பிள்ளை என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் கைக்கொண்டு, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதினார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.

இப்போது இவையெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினால் சில நொடிகளில் எல்லாப் படிகளோடும் விடை வந்துவிடுகிறது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்குக் கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. அருகில் யாருமற்ற பிள்ளைக்கு அது ஒரு துணை. பையன்கள் அதைப் பார்த்து எழுதி வருகிறார்கள், நான் தடுப்பதில்லை. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். கேட்டவன் அடுத்த வரியைத் தானே எழுதிவிடுவான் என்று காத்திருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. காத்திரு என்று அதனிடம் சொல்லலாம். பதினைந்து வயதில் யார் அப்படிச் சொல்வார்கள்?

அந்தப் பெண்ணின் தந்தை கோவளத்தில் படகு வைத்திருப்பவர். ஒருநாள் மகளை அழைத்துப்போக வந்தவர், பலகையில் இரு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். இரண்டு சமன்பாடுகளுக்கும் பொதுவான ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க என்றேன். அவர் சிரித்தார். கடலுக்கடியில் மீன் அடையும் பார் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொள்வதும் இப்படித்தானாம். மாதா கோயில் உச்சி அதன் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வர வேண்டும். தெற்கே ஒரு குன்று இன்னொரு கட்டடத்துக்கு நேராக வர வேண்டும். இரண்டும் ஒருசேரக் கூடும் இடத்தில் வலையைப் போடலாம். இரண்டு குறிகளும் ஒரே பக்கமாக இருந்தால் இடம் தப்பிவிடும். விலகி இருக்க வேண்டும் என்றார். இணைக்கோடுகளுக்குத் தீர்வு இல்லை என்று பாடநூல் சொல்வதை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

"இப்பதான் ஜி.பி.எஸ். இருக்குதேப்பா" என்றாள் மகள்.

இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் மகனைக் கூட்டிப் போகும்போது ஒருமுறைதான் குறிகளைக் காட்டுவாராம். மறுமுறை அவனே கண்டுபிடிக்க வேண்டும். அவர் படகின் பின்புறம் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். மிகவும் விலகிப் போகிறான் என்றால் மட்டும் மெல்ல இருமுவாராம்.