வரிசை தப்பிய ஊர்கள்

நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று, திரும்பவும் நீளமாக ஒன்று. லெவல் கிராசிங்கை நெருங்கும் அமெரிக்க ரயில் அப்படித்தான் ஊத வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹார்வர்ட் என்ற சிற்றூர். தண்டவாளத்திலிருந்து மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா போகும் ஸெஃபிர் ரயில் நள்ளிரவுக்கு மேல் எங்கள் ஊரில் நிற்காமல் கடக்கும். அப்போது சமையலறை அலமாரியில் அம்மாவின் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன். கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனிசா, லோவெல்.

ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் சி, டி, இ, எஃப், ஜி, எச், ஐ, ஜே, கே, எல். லிங்கன் நகரிலிருந்து மேற்கே தடம் போட்ட பர்லிங்டன் ரயில் நிறுவனம், 1870-களின் தொடக்கத்தில் நிலையங்களுக்கு எழுத்து வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனது. ஊருக்கு முன்னால் பெயர் வந்தது. பெயருக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரயில் நிலையத்தில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். “பேர் சொல்லிக் கூப்பிடாதே, தாத்தான்னு கூப்பிடு” என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்பா வேப்பேரியில் படித்த கால்நடை மருத்துவர். 1980-களில் கிளே சென்டர் அருகே இருந்த இறைச்சிக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை. அந்த நிலத்துக்கும் ரயிலோடு உறவு உண்டு. கடலே கண்ணில் படாத இந்தச் சமவெளியில் 1942-ல் அமெரிக்கக் கடற்படை பெரிய வெடிமருந்துக் கிடங்கு ஒன்றை அமைத்தது. இரண்டு கரைகளிலிருந்தும் எதிரி விமானம் எட்டாத தூரம். எந்தத் துறைமுகத்துக்கும் குண்டு அனுப்ப ரயில் தடங்கள். போர் ஓய்ந்தபின், 1964-ல் அந்த நிலத்தின் பெரும்பகுதி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. புல் மூடிய குண்டுக் கிடங்குகள் கவிழ்த்த சட்டிகள் போல வரிசையாக இருக்கும். அவற்றின் நடுவே அப்பாவின் மாடுகள் மேயும்.

மதுரையில் பாட்டி, பேரப்பிள்ளை ஹார்வர்டில் படிப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆயிரம் பேர் இருந்த அந்த ஊரில் உயரமானவை இரண்டே. ஒன்று தண்ணீர்த் தொட்டி, மற்றொன்று தடத்தை ஒட்டி நின்ற தானியக் குதிர். கார் ஓட்டி வரும்போது அடுத்த ஊரின் குதிர்தான் முதலில் தெரியும். ஊர் பிறகு வரும். ஏன் ஊர்கள் இவ்வளவு அடுத்தடுத்து என்று கேட்டேன். “குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வந்த விவசாயி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டாமா?” என்றார் தாத்தா. நீராவி எஞ்சினுக்கும் அடிக்கடி தண்ணீர் தேவைப்பட்டது.

நிலமோ சதுரங்கப் பலகை. மைலுக்கு ஒரு சாலை, வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காக. அந்தச் சதுரங்களுக்கு அடங்காதவை களிமண் அடியிட்ட ஆழமற்ற குட்டைகள். பனி உருகும் மார்ச் மாதத்தில் அவற்றில் வாத்துகளும் வெண்வாத்துகளும் கூட்டம் கூட்டமாக இறங்கும். அந்த ஒரு மாதம் மட்டும் ரயிலைவிடப் பறவைச் சத்தம் பெரிதாக இருக்கும்.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது ஹேஸ்டிங்ஸால். துணிமணி, பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் நாங்கள் போன பெரிய ஊர் அதுதான். 1927-ல் கூல்-எய்ட் பானப் பொடி பிறந்த ஊரும் அதுவே. சிவப்பு நாக்கோடுதான் அங்கிருந்து திரும்புவேன். “இன்லேண்டுக்கும் ஜூனியாட்டாவுக்கும் நடுவுல இது எப்படி வந்துச்சு? ‘ஐ’க்கு அப்புறம் ‘எச்’சா?” என்றாள் அம்மா.

தாத்தா முகம் மலர்ந்துவிட்டது. பல வருடமாக யாரும் கேட்காத கேள்வி. ஹேஸ்டிங்ஸ் பர்லிங்டன் வைத்த பெயரல்ல. 1872-ல் வேறொரு நிறுவனத்தின் தடம் அங்கே குறுக்கே வந்து வெட்டியது. இரண்டு தடம் கூடிய இடத்தில் கடைகள் முளைத்தன. பர்லிங்டன் ஆசையாக வளர்த்த மாவட்டத் தலைநகரம் ஜூனியாட்டாதான். ஆனால் 1878-ல் அந்தப் பதவியும் ஹேஸ்டிங்ஸுக்குப் போயிற்று. வரிசையில் இல்லாத ஊர் வளர்ந்தது. வரிசையில் நின்ற இன்லேண்ட் சில வீடுகளாகச் சுருங்கியது.

அன்றிலிருந்து வரிசை தப்பிய ஊர்களைத் தேடுவதே என் விளையாட்டு. டார்செஸ்டரை அடுத்து ஃப்ரெண்ட். அங்கே நிலம் வைத்திருந்தவரின் பெயர். கிராஃப்டனை அடுத்து சட்டன். தடம் வருமுன்பே ஆட்கள் குடியேறிய இடம். தடம் போட்டதற்காக அரசு கொடுத்த சுமார் 24 லட்சம் ஏக்கரை விற்க, பர்லிங்டன் ஐரோப்பா வரை விளம்பரம் செய்தது. ரஷ்யாவின் கருங்கடல் பக்கம் வாழ்ந்த ஜெர்மானியர்கள் 1873-ல் சட்டனில் வந்து இறங்கினார்கள்.

எங்கள் ஊரிலேயே ஒழுங்கு தப்பிய கதை ஒன்று உண்டு. 1943-ல் ஏலப் பட்டியலில் தவறுதலாக ஊர்ச் சிறைச்சாலையும் சேர்ந்துவிட, 16 வயதுப் பையன் ஒருவன் ஒன்றரை டாலருக்கு அதை வாங்கிவிட்டான்! இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா புதிதாகக் கேட்பவர் போலச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தாம்பாளத்தில் அரிசி பரப்பி எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பாள். ஒருநாள் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதி அகரவரிசையில் அடுக்கச் சொன்னாள். இன்லேண்ட் முதலில் வந்தது. எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், கிரீட், கெனிசா என்று போய், கடைசியில் ஹார்வர்ட், அதன் பக்கத்திலேயே ஹேஸ்டிங்ஸ். தாளைத் தாத்தாவிடம் காட்டினேன். ஓடும் ரயிலுக்கு வளையத்தில் உத்தரவுச் சீட்டு மாட்டி நீட்டிய கைகளால் அதைப் பிடித்து, விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“இப்படி ஓட்டினால் டிரைவருக்குப் பைத்தியம் பிடிக்கும். நம் ஊர் ஏன் கடைசியில்?”

“அது தமிழுக்கு வெளியிலிருந்து வந்த எழுத்து” என்றாள் அம்மா. “அதனால கடைசியில உட்கார வெச்சிருக்காங்க.”

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. “இந்தத் தடத்தில் எல்லோரும் வெளியிலிருந்து வந்த எழுத்துதான். முதல் எழுத்து இங்கே வாழ்ந்த பானி பழங்குடி மக்கள். 1833-ல் ஒப்பந்தம் போட்டு அவர்களிடமிருந்து இந்த மண்ணை வாங்கிக்கொண்டோம். பட்டியலில் அவர்கள் பெயர் ஒரு நிலையத்துக்கும் இல்லை” என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

அன்றிரவும் ஸெஃபிர் ஊதியது. டம்ளர்கள் கிணுகிணுத்தன. நான் இன்லேண்டிலிருந்து தொடங்கினேன்.